சிறுகிழங்கு கிடைக்காத ஊரில்

"சிறுகிழங்கு கிடைக்கலன்னா சின்ன உருளைக்கிழங்கு போட்டுக்கலாம்." திருநெல்வேலிப் பக்கத்துச் சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் கடைசியில் இந்த வரி வந்து உட்கார்ந்துகொள்கிறது. சொல்கிறவர் பாவூர்சத்திரத்தில் பிறந்து வளர்ந்தவராகவும் இருக்கலாம், தாமிரபரணித் தண்ணீரே குடிக்காதவராகவும் இருக்கலாம், வரி மட்டும் மாறுவதில்லை. ஹைதராபாத்தில் குடித்தனம் வைத்த பிறகு இந்த யோசனையை எனக்குச் சொல்லாத ஆளில்லை. அதில் என்ன தப்பு என்று ரொம்ப நாள் என்னால் எடுத்துச் சொல்லவும் முடியவில்லை. உருவம் ஏறக்குறைய அதேதான். உரித்துவிட்டால் நிறமும் பக்கத்தில் வரும். வெந்தால் இரண்டும் மாவுதான். இருந்தாலும் அந்த வரியைக் கேட்கும்போதெல்லாம் செருப்புக்குள் மணல் புகுந்த மாதிரி ஓர் உறுத்தல்.

இப்போது யோசித்தால் உறுத்தலுக்குக் காரணம் உருளைக்கிழங்கு இல்லை என்று தோன்றுகிறது. எதற்குப் போட என்று கேட்காமலே பதில் வந்துவிடுகிறதே, அதுதான். பொரியலுக்கா, புளிக்குழம்புக்கா, அவியலுக்கா, பொங்கப்பானை முன்னால் வைக்கவா? ஒவ்வொன்றிலும் சிறுகிழங்கு பார்க்கிற வேலை வேறு. வேலையைக் கேட்காமல் சாயலை மட்டும் பார்த்து ஆள் எடுத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கிறது அந்தப் பொரியலும்.

சிறுகிழங்கு தின்று வளர்ந்தவர்களிடம் அதன் ருசியை விளக்க வேண்டியதில்லை. தின்னாதவர்களிடம் விளக்க முடியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அடுப்படியில் நின்று மாற்றுத் தேடுகிறவளுக்கு அந்தச் சலுகை கிடையாது. எது குறைகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதைக்கொண்டு ஈடுகட்டுவது என்று தெரியும். எனக்குத் தெரிந்து அதில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று வாசம். வேகும்போதே கூடம் வரைக்கும் வந்துவிடும். ஈர மண் வாசம், அதற்கு மேல் லேசாக ஒரு பச்சிலைக் காரம். இன்னொன்று பல்லில் படுகிற விதம். வெளியே ஒரு இறுக்கம், கடித்தால் உள்ளே வழுவழுப்பான மாவு. எத்தனை கிளறினாலும் முனை உடையாது. தேங்காய் மசாலா மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும், கிழங்கு தனியாக நிற்கும்.

செடியைப் பார்த்தால் வாசத்துக்கு விளக்கம் கிடைத்துவிடும். உருளைக்கிழங்கு கத்தரி, தக்காளி குடும்பம். சிறுகிழங்கோ துளசி, புதினா குடும்பம். இன்னும் நெருங்கிச் சொன்னால், சளிக்காகத் தொட்டியில் வளர்க்கிற ஓமவல்லி இதற்குப் பங்காளி, இரண்டும் கோலியஸ் என்ற ஒரே பேரினம். இரண்டு கிழங்குமே மண்ணுக்குள் தடித்த தண்டுதான், வேர் இல்லை. ஒற்றுமை அதோடு சரி. இந்தப் பங்காளி உறவைத் தெரிந்துகொண்ட ஒரு தோழி, உருளைக்கிழங்கு வேகிற தண்ணீரில் ரெண்டு ஓமவல்லி இலை போட்டால் வாசம் வந்துவிடுமே என்றாள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போட்டுப் பார்த்தேன். கிழங்கு இருமல் கஷாயத்தில் முக்கி எடுத்தது போல ஓம வாசம் அடித்தது. பங்காளி வீட்டுச் சமையலுக்குப் பங்காளியைக் கூப்பிடக் கூடாது போலிருக்கிறது.

நம்ம மண்ணோட கிழங்கை விட்டுட்டு எங்கிருந்தோ வந்த உருளைக்கிழங்கைத் தின்கிறோம் என்று ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. உருளைக்கிழங்கு தென்னமெரிக்க மலைகளிலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது உண்மை. ஆனால் சிறுகிழங்கும் வந்த கிழங்குதான், அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. கானாவின் வடபகுதியில் இன்றும் அதை ஃப்ராஃப்ரா உருளை என்று பயிரிடுகிறார்கள். சிங்களவர்களுக்கு அது இன்னல, மலையாளிகளுக்குக் கூர்க்க. ஆங்கிலத்தில் சம்பந்தமே இல்லாமல் சீனாவோடு முடிச்சுப் போட்டுச் சீன உருளை என்கிறார்கள். ஆகவே பூர்வீகத்தை வைத்து இதற்கு வழக்காட முடியாது. ருசியை வைத்து மட்டும்தான் வழக்காடலாம், அதுவே போதும்.

நகக்கண்ணில் கறை

கிடைக்காததற்குப் பருவம் ஒரு காரணம். பகல் குறுகுகிற நாட்களில்தான் இந்தச் செடி கிழங்கு வைக்கும். அதனால் கடையம், ஆலங்குளம் பக்கம் ஆடி ஆவணி வாக்கில் கொடித்துண்டு நட்டால் மார்கழி, தையில் தோண்டுவார்கள். மாசி கழிந்தால் சந்தையில் பார்க்க முடியாது. எப்போது நட்டாலும் கிழங்கு வைக்கிற மாதிரி சுபலா என்று ஒரு ரகத்தைக் கேரள வேளாண் பல்கலைக்கழகம் கொண்டுவந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீ தாரா என்ற ரகமும் இருக்கிறது. பயிரிடுகிறவர்களிடம் கேட்டால் வேர்முடிச்சு நூற்புழுவைத்தான் முதலில் திட்டுவார்கள். அது அவர்கள் பாடு. சமைக்கிறவள் பாடு வேறு.

பருவத்தில் தெருமுனையில் குவித்து வைத்து விற்கும்போதே எத்தனை பேர் பார்த்துவிட்டு நகர்ந்துபோகிறார்கள்! ஆசை இல்லாமல் இல்லை. தோலை நினைத்துத்தான். எங்கள் ஆச்சி முந்தின ராத்திரியே கிழங்கை அண்டாவில் ஊறப்போட்டுவிடுவாள். விடிந்ததும் சாக்குப்பையில் கொட்டி, வாயை முறுக்கிக் கட்டி, துவைக்கிற கல்லில் போட்டு உருட்டி உருட்டித் தேய்ப்பாள். துணி துவைக்கிற வேகம் ஆகாது, கிழங்கு சிதைந்துவிடும். ஈரச் சாக்கின் முரட்டு நார் பட்டு மண்ணும் மேல்தோலும் கழன்று, அவிழ்த்துப் பார்த்தால் முக்கால்வாசி வெளுத்திருக்கும். மிச்சம்தான் வேலையே. கணுவிலும் குழியிலும் ஒட்டியிருக்கிற தோலை மொன்னைக் கத்தியால் ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். சுரண்டியதை உடனே தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். ஒரு குடும்பத்துக்குப் பொரியல் வைக்க வேண்டிய கிழங்கைச் சுரண்டி முடிக்கும்போது முதுகு கேட்கும். விரல் நுனியெல்லாம் முதலில் பழுப்பாகி, மத்தியானத்துக்குள் கறுப்பாகிவிடும். புளி, எலுமிச்சம்பழம், தேங்காய் எண்ணெய் எதற்கும் முழுசாக மசியாது. நகக்கண்ணில் படிந்தது நகம் வளர்ந்து வெட்டினால்தான் போகும்.

பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்தால், யார் வீட்டில் சிறுகிழங்கு வைத்தார்கள் என்று கையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பெண்பிள்ளைகள் கையை, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். பையன்கள் விரலில் அந்தக் கறையைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், மாற்றே ஆகாது என்று அடித்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சுரண்டாத கைக்காரர்கள். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா ஒருவர் உண்டு. ஹைதராபாத் வந்தால் நான் வைக்கிற எதையும் ரசித்துத்தான் சாப்பிடுவார். சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு, "என்ன இருந்தாலும் நம்ம சிறுகிழங்கு மாதிரி வருமாட்டி?" என்பார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்தச் சரியைச் சொல்வதற்கு அவர் ஒரு தடவையாவது சாக்கைப் பிடித்துத் தேய்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. சித்தி அவர் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பாள். உருளைக்கிழங்கு நம் அடுப்படியில் இத்தனை சுலபமாக இடம்பிடித்ததற்கு அதன் ருசியைவிட அதன் தோல் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன். சீவினால் வந்துவிடுகிறது, வேகவைத்தால் கையோடு உரிந்துவிடுகிறது. சிறுகிழங்கையும் தோலோடு வேகவைத்து உரிக்கலாம்தான். பலர் அப்படிச் செய்கிறார்கள். வேலை பாதியாகக் குறையும். ருசியும் கொஞ்சம் குறையும் என்பது ஆச்சி கட்சி. எனக்கு அப்படித் தெரியவில்லை, ஆனால் ஆச்சி இருக்கும்வரை இதை வெளியே சொன்னதில்லை.

மலையாளிகள் கடையில் உரித்து உறைய வைத்த கூர்க்கப் பொட்டலம் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கும்போது வாங்கியிருக்கிறேன். கிழங்குக்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது உள்ளே இருக்கிற கண்ணறைகளை, அதாவது செல்களை, குத்திக் கிழித்துவிடும். வெளியே எடுத்து வைத்து உருகவிட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு கடற்பஞ்சு போல ஆகிவிடுகிறது. உருகவிடாமல் கொதிக்கிற குழம்பில் அப்படியே தட்டிவிட்டால் பரவாயில்லை. பொரியலுக்கு அது ஆகவே ஆகாது.

எதற்கு எது

முதலில் சின்ன உருளைக்கிழங்குக்கே வருவோம். பொரியலில் அது எங்கே காலை வாருகிறது? கிழங்கு வெந்து, கடுகு உளுந்து தாளித்து, தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாயைக் கொரகொரப்பாக அரைத்துக் கொட்டிப் பிரட்டுகிற இடத்தில். நாலு பிரட்டுப் பிரட்டினால் உருளையின் ஓரமெல்லாம் கரைந்து தேங்காயோடு கலந்து ஒரு மாதிரி மசியலாகிவிடும். ருசியாக இருக்காது என்று சொல்லவில்லை. பூரிக்குத் தொட்டுக்கொள்ளலாம். சிறுகிழங்குப் பொரியலின் முதல் லட்சணம் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிழங்கைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவதற்கு முன்னால், கை பொறுக்காத சூட்டில், சுமார் 60 டிகிரியில், ஒரு அரைமணி நேரம் கிடக்க விட வேண்டும். அந்தச் சூட்டில் கிழங்கில் இருக்கிற ஒரு நொதி வேலை செய்து, கண்ணறைகளை ஒட்டவைக்கிற பெக்டினைச் சுண்ணாம்புச் சத்தோடு பிணைத்து இறுக்கிவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும் லேசில் உடையாது. வெப்பமானி இல்லாமல் இதைச் செய்வது கஷ்டம், செய்தாலும் வாசம் வராது. வாசத்துக்கு நான் கண்ட உபாயம், தோலைச் சீவாமல் நாரால் அழுத்தித் தேய்த்துவிட்டு அரைத்தோலோடு வேகவைப்பது. உருளைக்கிழங்கின் மண் வாசமெல்லாம் தோலில்தான் இருக்கிறது. சீரகத்தை ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்காகப் போட வேண்டும். இதெல்லாம் செய்த பிறகு அது நல்ல உருளைக்கிழங்குப் பொரியல்.

உண்மையில் பொரியலுக்குப் பக்கத்தில் வருவது சேனைக்கிழங்கு. யாரும் இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் பார்வைக்கு ஒட்டாது. யானைக்கால் அளவு கிழங்கை எப்படிச் சிறுகிழங்கோடு சேர்த்து நினைப்பது? ஆனால் நெல்லிக்காய் அளவுக்கு வெட்டி, மஞ்சள் தூளும் கொஞ்சம் புளித்தண்ணீரும் விட்டு முக்கால் பதத்துக்கு வேகவைத்து இறக்கினால், பிரட்டும்போது ஒரு துண்டு உடைவதில்லை. அதற்கென்று ஒரு மண் ருசியும் உண்டு. தேங்காய் மேலே ஒட்டி நிற்கும், கிழங்கு தனியாக நிற்கும். புளித்தண்ணீர் எதற்கு என்றால், சேனைக்குள்ளே ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, தொண்டையை அரிப்பது அதுதான். புளியும் நல்ல வேக்காடும் அதை அடக்கும். வெட்டும்போது கையில் எண்ணெய் தடவிக்கொள்வது அவரவர் தைரியத்தைப் பொறுத்தது.

குழம்புக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. வறுத்தரைத்த புளிக்குழம்பில் சிறுகிழங்கின் வாசம் கொத்தமல்லியோடும் மிளகோடும் போட்டிபோட்டு ஜெயிப்பதில்லை. அங்கே அதன் வேலை உடையாமல் கிடந்து, உப்பு புளியை வாங்கிக்கொண்டு, குழம்பைக் கொஞ்சம் தடிப்பாக்குவது. அந்த வேலைக்குச் சேப்பங்கிழங்கு கெட்டிக்காரன். ஹைதராபாத்தில் சாமகட்ட என்று எந்தக் காய்கறி வண்டியிலும் கிடைக்கும். வேகவைத்து உரித்து எண்ணெயில் ஒரு சுற்று முறுகவிட்டால் கொழகொழப்பு அடங்கிவிடும். பிறகு குழம்பில் போடலாம். சின்ன உருளையும் இங்கே குறை சொல்ல முடியாத ஆள். புளி ஊற்றின பிறகு போட்ட கிழங்கு வேகாது என்று வீட்டில் சொல்வார்கள் இல்லையா, அது நிஜம். புளிப்பில் பெக்டின் கரையாது. பொரியலில் காலை வாரிய அதே உருளை, முக்கால் வேக்காட்டில் எடுத்துப் புளிக்குழம்பில் போட்டால் அடுத்த நாள் பழங்குழம்பிலும் முழுசாகக் கிடக்கும். மரவள்ளியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அது அவித்துத் தேங்காய்ப்பூவோடு தின்கிற பண்டம், அதை இந்த வம்புக்கு இழுக்க வேண்டாம்.

ஜெர்மனியில் இருக்கிற பெரியம்மா மகன், எங்கள் அண்ணன், இன்னொரு மாற்று வைத்திருக்கிறான். அங்கே டோபினம்பூர் என்று ஒரு கிழங்கு. சூரியகாந்திக் குடும்பம். கணுக்கணுவாக, உரிக்க வழியில்லாமல், பார்த்தாலே சிறுகிழங்கின் முரட்டு அண்ணன் மாதிரி இருக்கும். பொரியல் வைத்துப் படம் அனுப்பினான். அசல் தோற்றது. ஆனால் அதில் இருப்பது மாவுச்சத்து இல்லை, இனுலின் என்கிற நார்ச்சத்து. நம் குடலால் அதைச் செரிக்க முடியாது, உள்ளே இருக்கிற நுண்ணுயிர்கள்தான் தின்று காற்றாக்கும். "ருசி பக்கத்துல வருது, ஆனா சாப்பிட்டுட்டு ஆபீசுக்குப் போவ முடியாது" என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மட்டும் அவன் அதை வைத்திருக்கிறான்.

மகள் தட்டோரம் ஒதுக்கியது

இவ்வளவையும் நான் ஒரு கணக்கோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அசல் ஒரு பக்கம், மாற்று மறுபக்கம், எது எவ்வளவு தூரம் நெருங்குகிறது என்று. அந்தக் கணக்கைக் கலைத்தவள் என் மகள்.

அவள் பிறந்து வளர்ந்தது ஹைதராபாத்தில். எங்கள் வீட்டில் சிறுகிழங்குப் பொரியல் என்று நடமாடியது அரைத்தோலோடு போட்ட சின்ன உருளைதான். பள்ளிக்கூட டப்பாவில் அது இருந்தால் டப்பா காலியாக வரும். அவள் கைக்கு ஏற்ற உருண்டை, மேலே சீரக வாசத்தோடு தேங்காய். நானும் பேரை மாற்றவில்லை. அதைச் சொல்லும்போது ஊர் ஞாபகம் வருகிற ஒரு சந்தோஷம் எனக்கு இருந்தது. ஒரு தை மாதம் கடையத்திலிருந்து மதினி வந்தாள், மண் உதிர்ந்துகொண்டிருந்த ஒரு மஞ்சப்பையோடு. கழுவாமல் மண்ணோடு இருந்தால்தான் பயணம் தாங்கும், கழுவிவிட்டால் அழுகிவிடும் என்று அப்படியே கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ரெண்டு பேரும் பால்கனியில் உட்கார்ந்து சுரண்டினோம். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை என்கிற விவரமெல்லாம் அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. சுரண்டுகிற வேலையில் ஒரு நன்மை அது. கிழங்கு அடுப்பில் ஏறி, வாசம் கூடத்துக்கு வந்தபோது எனக்குப் பேச்சு நின்றுவிட்டது.

மகள் தட்டில் ஒரு கரண்டி வைத்தேன். ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள். கடித்தாள். மிச்சத்தைத் தட்டோரமாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஒதுக்கிவைத்தாள்.

"அம்மா, இது சிறுகிழங்கு இல்ல. மண்ணு வாசம் அடிக்கி. நீ எப்பவும் வைப்பியே, அத வையி."

மதினி சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "ஏட்டி, இதாம்ட்டி சிறுகிழங்கு! உங்கம்மா உனக்கு இம்புட்டு நாளும் என்னத்த போட்டா?" என்று கேட்டாள். மகள் விட்டுக்கொடுக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அத்தை ஏதோ ஒரு சுமாரான சாமானை வாங்கி ஏமாந்துவிட்டாள், அவ்வளவுதான். எது அசல் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் கழுவும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வைத்த உருளைக்கிழங்குப் பொரியல் எனக்கு ஏன் பிடித்திருந்தது? தட்டில் இருந்தது பாதி. மீதிப் பாதியை, அந்த வாசத்தை, நான் ஞாபகத்திலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். சீரகம் கொஞ்சம் தூக்கலாக விழுந்தாலே என் மூக்கு மிச்சத்தைக் கற்பனை பண்ணிக்கொள்ளும். சித்தப்பாவுக்கும் அப்படித்தான். "வருமாட்டி" என்று அவர் பெருமூச்சு விடும்போதே அசல் அவர் நாக்குக்கு வந்துவிடுகிறது. அதனால்தான் குறை சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறார். மகளிடம் அந்த ஞாபகம் இல்லை. அவளுக்கு அந்தப் பொரியல் எதற்கும் பதிலாக வந்ததில்லை. அதுவே முழுப் பண்டம். அவள் வந்து உட்கார்ந்ததே உருளைக்கிழங்கின் பந்தியில்.

இதில் வருத்தப்பட ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், பெரிதாக அகப்படவில்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டு மறுநாள் விருந்தில் சொதியை யாரும் குறை சொல்ல முடியாது. தேங்காய்ப்பாலில் மிதக்கிற முருங்கைக்காயோடு உருளைக்கிழங்கும் அதில் இருக்கிறது, கேரட்டும் பீன்ஸும் இருக்கிறது. கடைசி மூன்றும் கடல் தாண்டி வந்தவை, எந்த நாட்டுக்காய் இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவையோ. இப்போது உருளை இல்லாமல் சொதி வைத்தால் சம்பந்திச் சண்டை வரும். மகளின் பொரியலும் அந்த வழியில் போகலாம். நான் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. உருளையைச் சிறுகிழங்கு வேஷத்தில் அனுப்பியதால், நிஜக் கிழங்கு வாசலுக்கு வந்தபோது அதற்கு வீட்டில் இடம் இல்லாமல் போனது. இரண்டையும் தனித்தனியாக வைத்திருந்தால் இரண்டும் பிழைத்திருக்கும்.

அதற்குப் பிறகு என் சமையல் கொஞ்சம் மாறியது. உருளைப் பொரியல் உருளைப் பொரியலாகவே வருகிறது, சீரகத்தைத் தூக்கலாகப் போடுவதை நிறுத்திவிட்டேன், அதற்குப் பதில் பூண்டு. மகள் முதலில் முறைத்தாள், பிறகு ஒத்துக்கொண்டாள். பருவம் இல்லாத மாதங்களில் எனக்கு அந்தக் கடி வேண்டும் என்றால் சேனையை நறுக்குகிறேன். அதைச் சேனை என்றே சொல்லிப் பரிமாறுகிறேன். யார் கண்ணையும் அது ஏமாற்றாது. குழம்புக்குச் சாமகட்ட, கிடைத்தால் உறைந்த கூர்க்க. பொங்கப்பானை முன்னால் என்ன வைப்பது என்று ஒரு வருஷம் குழம்பிப்போய் மாமியாரிடம் கேட்டேன். பனங்கிழங்கு, சிறுகிழங்கு, வள்ளிக்கிழங்கு, சேம்பு, சேனை என்று வரிசையாக வைத்துப் பழகிய வீடு அவர்களுடையது. "கிடைச்ச கிழங்க வையி. கிடைக்காததுக்கு ஆள் மாத்தாண்டாம்" என்று போனை வைத்துவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் இலையில் இருந்தது சேனையும் சேம்பும் மட்டும்தான், சூரியன் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு தைக்கும் மதினியின் மஞ்சப்பை வந்துவிடுகிறது. ஒரு நிபந்தனையை மட்டும் நான் வீட்டில் வைத்திருக்கிறேன். தின்கிறவர்கள் எல்லாரும் சுரண்ட வேண்டும். வீட்டுக்காரர் முதல் வருஷம் கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், வழுக்கி வழுக்கிக் கத்தி அடுத்த கிழங்கில் பாய்ந்ததால் கழற்றிவிட்டார். திங்கட்கிழமை ஆபீஸ் கூட்டத்தில் கையை மேஜைக்குக் கீழேயே வைத்திருந்ததாகச் சொன்னார். மகள் சாக்கைத் தேய்க்கிற வேலையைத் தானாகவே எடுத்துக்கொண்டாள். குளியலறையில் உட்கார்ந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டு செய்யலாம் என்பதுதான் காரணம், கிழங்கின் மேல் பாசம் ஒன்றும் இல்லை.

அவளுக்கு நேரே பொரியலை நீட்டாமல் புளிக்குழம்பில் ஆரம்பித்தேன். புளியும் வறுத்த மல்லியும் மண் வாசத்தைக் கொஞ்சம் அமுக்கிவிடும், கிழங்கின் இறுக்கம் மட்டும் பல்லுக்குத் தெரியும். முதல் தடவை ரெண்டு தின்றாள். இப்போது கிழங்கைத் தேடி எடுத்துவிட்டுக் குழம்பைத் தட்டில் மிச்சம் வைக்கிற அளவுக்கு வந்திருக்கிறாள். பொரியலுக்கு இன்னும் வரவில்லை. பூண்டைத் தட்டிப்போட்டு வதக்கிக் கொடு, வந்துவிடுவாள் என்கிறாள் மதினி. எனக்கென்னவோ கிழங்கைத் தேங்காய் எண்ணெயில் மேல் முறுகுகிற வரை விட்டு, தேங்காயைப் பாதியாகக் குறைத்தால் சரியாக வரும் என்று படுகிறது. இந்தப் பருவத்துக் கிழங்கு தீர்ந்துவிட்டது. அடுத்த தை வரைக்கும் வழக்கு அப்படியே நிலுவையில் கிடக்கிறது.